பல் பதிந்த ரொட்டி

சபோஹத் வெகு நேரமாக ஆற்றோரப் பூங்காவில் வாலிபர்களின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சினார் மரத்தடியில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த கிழவர்களில் ஒருவர் அவள் தெருக்காரர். “என்ன சபோஹத், யாருக்கு மாப்பிள்ளை பாக்குற?” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

மடியில் துணி சுற்றிய ரொட்டி ஆறிப்போயிருந்தது.

ஊரை விட்டுக் கிளம்புகிறவன் வாசலில் நின்று ஒரு ரொட்டியை ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் போவான். மிச்சம் சுவரில் தொங்கும். திரும்பி வந்து அதை அவன்தான் தின்ன வேண்டும். அவளுடைய ஒரே மகன் தில்ஷோத் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனபோதும் அப்படித்தான் கடித்துக் கொடுத்தான்.

கணவர் ஹோமித்துக்குக் கண் போய்விட்டது. நெஞ்சும் சரியில்லை. காலையில் எழுந்ததும் சுவரைத் தடவிப் போய், பல் பதிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பார். நடுவில் ஒரு சின்ன மேடு இருக்கும். தில்ஷோத்தின் முன்பல் பாதி உடைந்தது. சிறுவயதில் இந்தப் பூங்கா ஊஞ்சலிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டான்.

இப்போது அந்த ரொட்டி சுவரில் இல்லை. தங்கை வீட்டுக்கு அக்கரை போயிருக்கும் ஹோமித் வெள்ளிக்கிழமை வந்துவிடுவார். அதற்குள் இன்னொன்று காய்ந்து கல்லாகத் தொங்க வேண்டும்.

தெருப் பையனிடம் கேட்க முடியாது. பொழுது சாய்வதற்குள் கோட்டைச் சுவர்வரைக்கும் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

படம் எடுக்க ஒரு கல்யாணக் கூட்டம் ஆற்றங்கரைக்கு வந்தது. பறை அடித்து வந்தவன் வெளியூர்க்காரன். வாய்விட்டுச் சிரித்தான். முன்பல் பாதி இல்லை.

சபோஹத் எழுந்து ஓடினாள். இந்த வயதில் ஓடினாள்.

“தம்பி, இதுல ஒரு வாய் கடிச்சுக் குடு. எம்மவன் கடிச்சுட்டுப் போனத எலி தின்னுடுச்சு. அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு.”

அவன் ரொட்டியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். பறையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கி நன்றாகவே கடித்தான்.

“பெரியம்மா, கடிச்சவன்தானே வந்து மிச்சத்தத் தின்னணும்? அப்ப நான் வரணுமா?” என்றான் வாய் நிறைய. அவள் ரொட்டியைச் சட்டென்று திரும்ப வாங்கிக்கொண்டதைப் பார்த்து, “வெளையாட்டுக்குச் சொன்னேன். அண்ணன் வந்துடுவாரு, கவலப்படாதீங்க” என்று பறையை எடுத்துக்கொண்டு போனான்.

சபோஹத் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். மேடு இருந்தது. ஹோமித்துக்கு இது போதும்.

அவளுக்குத்தான் போதவில்லை.

வீட்டுக்கு எலி எதுவும் வரவில்லை. நேற்று சாயங்காலம் போன்தான் வந்தது. தில்ஷோத்தோடு வேலை பார்த்தவன் அழுதுகொண்டே பேசினான். அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டதாம்.

இறந்தவன் கடித்த ரொட்டியைத் தொங்கவிட்டால் அவன் உயிர் அடங்காமல் வீட்டையே சுற்றும் என்பார்கள் அவர்கள் தெருவில். பிள்ளையை அப்படி அலைய விட எந்தத் தாய்க்கு மனம் வரும்?

இன்று விடியும்போது இதே ஆற்றின் படியில் உட்கார்ந்து, கல்லாகிப்போன அந்தப் பழைய ரொட்டியை நீரில் ஊறவைத்து, பிய்த்துப் பிய்த்து மீன்களுக்குப் போட்டாள். பல் பதிந்த இடத்தை மட்டும் கடைசிவரை கையில் வைத்திருந்தாள்.

அதை மீனுக்குப் போட முடியவில்லை. அவளே தின்றாள்.