அசையாத முகம்

“மறுபடியும் அந்தப் பொம்பளையா?”

ஓரம் தைத்துக்கொண்டிருந்த கால்சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு, அம்மா மகளின் நோட்டைப் புரட்டினாள். பதினோரு பக்கம். பதினொன்றிலும் அதே முகம்.

மகள் ஓவிய வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. வெளியே போய் நாலு மனிதர்களைக் கவனித்து வரையச் சொல்லியிருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் நேரே பூங்காவுக்குப் போய்விடுவாள்.

“மத்தவங்க எல்லாம் ரெண்டு கோடு போடறதுக்குள்ள திரும்பிடறாங்கம்மா. கழுத்தைச் சொறியறாங்க, போனை எடுக்கறாங்க. இவங்க மட்டும் பெஞ்சுல உக்காந்தா ஒரு மணி நேரம் ஆனாலும் அசைய மாட்டாங்க. கண்ணைப் பாரேன், எவ்வளவு சாந்தம்.”

“என்னை ஒரு நாளாவது வரைஞ்சிருக்கியா?”

“நீ எங்கம்மா ஒரு இடத்துல உக்காருற?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. இவளைப் படிக்க வைக்க மெஷினோடு மல்லுக்கட்டியே இடுப்பு ஒடிந்தவள் அவள். எவளோ ஒருத்தி சும்மா பெஞ்சில் உட்கார்ந்தே பிள்ளையின் மனதைத் தட்டிக்கொண்டு போகிறாள்.

“பேசினியா அவங்ககிட்ட?”

“இல்லம்மா. நான் சிரிச்சா அவங்களும் சிரிப்பாங்க. அவ்வளவுதான்.”

அந்தச் சிரிப்பை அம்மாவால் பொறுக்க முடியவில்லை. மறுநாள், மகளின் வகுப்பு முடிவதற்கு முன்பே தையல் கடையைப் பூட்டிவிட்டுப் பூங்காவுக்கு நடந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று முடிவு.

படத்தில் இருந்தவள் பெஞ்சில் காத்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“என் பொண்ணு எதிர்ல தினமும் வந்து உக்காருறீங்களே, யாரு நீங்க?”

“கோவப்படாதீங்க. அவகிட்ட ஒரு வார்த்தை பேசலை. தூரத்துல நின்னு ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். அவளே எதிர்ல வந்து உக்காந்து என் முகத்தையே பாத்தா. எந்திரிச்சுப் போக மனசு வரலை.”

அம்மா அந்த முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

“பத்தொம்பது வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியில அவளைத் துண்டுல சுத்தி உங்க கையில குடுத்தப்போ, தேடி வர மாட்டேன்னு சொல்லியிருந்தேன். மன்னிச்சுடுங்க. இனிமே வரலை.”

கேட்க வந்த நாலு கேள்வியையும் அம்மா விட்டுவிட்டாள். கிளம்பியவளின் பையைப் பிடித்து நிறுத்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“இருங்க. அவ வர்ற நேரம்தான்.”