பதினோராவது தலை

“நல்லா எண்ணிப் பாருய்யா! பதினொரு தலையும் இருக்கா?”

“பத்துதான் இருக்கு, தலைவரே,” என்றார் டிரைவர்.

தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னையும் சேர்த்து எண்ணுய்யா!”

“உங்களைச் சேர்த்துத்தான் பத்து.”

மறுநாள் காலையில் மாவட்டக் கவுன்சிலுக்குச் சேர்மன் தேர்தல். மொத்தம் இருபத்தொரு உறுப்பினர்கள். எதிர்க்கட்சியில் பத்து, இவர் கட்சியில் பதினொன்று. ஒரு தலை அந்தப் பக்கம் சாய்ந்தாலும் நாற்காலி போச்சு. அதனால் தன் ஆட்களை ஊருக்கு வெளியே ஒரு பங்களாவில் அடைத்து, எல்லாருடைய போனையும் பிடுங்கிக்கொண்டு, வாசல் சாவியை இடுப்பில் செருகியிருந்தார். போஸ்டர் ஒட்டக் கட்சிக்கு வந்து, மாவட்டத் தலைவராகி, மூன்று முறை சேர்மனாகவும் ஆனவர். நான்காவது முறையும் அந்த நாற்காலியில் உட்காராவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

கட்டிலுக்கு அடியில் பார்த்தார். குளியலறைக் கதவைத் தட்டினார். “வித்துட்டாங்கய்யா! எவனோ விலை போயிட்டான்!”

அந்த நேரம் வாசல் மணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தார். காய்கறிப் பையோடு அவர் மனைவி நின்றிருந்தாள்.

“நீயா? ஒரு தலை குறையுதுன்னு இங்க உயிர் போகுது!”

“என்னை எண்ணினீங்களா?”

தலைவர் அசடு வழிந்தார். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு ஒன்று வந்தபோது, வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அவளை நிறுத்தியதே அவர்தான். கூட்டத்தில் அவளுக்கு வேலை ஒன்றுதான். “நான் கை தூக்கினா நீயும் தூக்கு.” அவளும் தூக்கினாள். ஒருமுறை மட்டும், பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்குக் கழிவறை வேண்டும் என்று பேச எழுந்தாள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டில் உறுப்பினரான தையல்காரம்மா கெஞ்சினார். “தலைவரே, ஒரே ஒரு போன். என் பொண்ணுக்குப் பிரசவ நேரம்.”

“ஜெயிச்சப்புறம் பேசுங்கம்மா. பேரப்பிள்ளை எங்கே ஓடிடப் போகுது?”

பரிமாறிக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். “பேத்தி பொறந்திருக்கா அக்கா. சுகப்பிரசவம். மார்க்கெட் போற வழியில ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துட்டேன். மூக்கு அப்படியே உங்க மூக்கு.” பிறகு இன்னொரு உறுப்பினரான மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பி, “அண்ணே, உங்க பிரஷர் மாத்திரை பையில இருக்கு” என்றாள்.

தையல்காரம்மா அழுதேவிட்டார். மற்றவர்கள் கைதட்டினார்கள். தலைவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “பார்த்தீங்களா என் வீட்டுக்காரியை! அரசியல்ல பழம் தின்னு கொட்டை போட்டவன் பொண்டாட்டியாச்சே!”

மறுநாள் கவுன்சில் மண்டபத்தில் நிற்க இடமில்லை. வெளியே தலைவரின் ஆட்கள் மாலையோடு காத்திருந்தார்கள். தேர்தல் அதிகாரி பெயர்களை முன்மொழியச் சொன்னதும் எதிர்க்கட்சித் தலைவர் முந்திக்கொண்டு எழுந்தார்.

“எங்க பத்துப் பேர் சார்பா நாங்க முன்மொழியறது...” என்று அவர் கை நீட்டிய திசையில் தலைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஆள் கிடைக்கலைன்னு என் வீட்டுக்கே வந்துட்டாங்கய்யா!”

மனைவி எழுந்தாள். “சம்மதம். பஸ் ஸ்டாண்டுல கழிவறை கட்டறதுதான் முதல் வேலை. நேத்தே மார்க்கெட்டுல இவங்ககிட்ட பேசி முடிச்சாச்சு.”

தலைவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்,” என்றார் அதிகாரி.

அந்தப் பக்கம் பத்துக் கைகள் எழுந்தன. இந்தப் பக்கம் அவள் தூக்கினாள். அடுத்து தையல்காரம்மாவின் கை. அப்புறம் மருந்துக்கடைக்காரர். அப்புறம் வரிசையாக, பங்களாவில் பூட்டிக் காத்த அத்தனை கைகளும்.

தலைவர் நாற்காலி பின்னால் சாய எகிறி எழுந்தார். “நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று கையை உயர்த்திக் கத்தினார். மண்டபத்துக் கைதட்டலில் அவர் குரல் யார் காதிலும் விழவில்லை.

அதிகாரி கடைசிக் கையையும் எண்ணி முடித்தார். “இருபத்தொண்ணு. ஏகமனதாத் தேர்வு!”

அவள் கை தூக்கிய பிறகு அவர் கை தூக்கியது அன்றைக்குத்தான்.