ரெஜினாவின் தழை

இலையைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

புல் வாசம்.

இன்னொரு இலை. இன்னும் அழுத்திக் கசக்கினார்.

புல்தான்.

குன்னூரில் அந்த மூக்கைப் பற்றிப் பல கதைகள் உண்டு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டால், செடிகளை முகர்ந்தே கோத்தகிரி போய்ச் சேர்ந்துவிடும் மூக்கு. வழியில் யானைகூட ஒதுங்கி நிற்கும். கதைகளைக் கிளப்பிவிட்டவர் மூக்கின் சொந்தக்காரர்தான். ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர், சவரிராயன்.

இன்று மட்டும் அந்த மூக்கு பொய் சொன்னால் தேவலை என்றிருந்தது.

செடி இடுப்புயரம் வளர்ந்து நின்றது. டாரகன் என்கிற மேல்நாட்டு வாசனைத் தழை. மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட தங்கை, மாசிப்பத்திரிக்கு மருமகள் முறை என்று வகுப்பில் உறவு சொல்வார். குடும்பமே மணக்கிற குடும்பம். டாரகன் மணக்கும் இடத்தில் சோம்பு வெட்கப்பட்டு வெளியே போய்விடும்.

அதிலேயே காட்டு டாரகன் என்று ஒன்று உண்டு. அதே இலை. அதே தண்டு. கசக்கினால் மட்டும் வெறும் புல்.

மணக்கிற ஜாதியோ விதை வைக்காது. பூப்பதோடு சரி. ஒரு வீட்டுத் தண்டை ஒடித்து இன்னொரு வீட்டில் நட்டால்தான் உண்டு.

அவர் மனைவி ரெஜினாவுக்கு அப்படி ஒரு தண்டு கிடைத்தது. கன்னியர் மடத்துத் தோட்டத்திலிருந்து, ஈரக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாள். தேங்காய்ப்பால் மீன் குழம்பை இறக்கும்போது ஒரு கைப்பிடி கிள்ளிப் போடுவாள். எதிர்ச் சரிவில் தேயிலை பறிப்பவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். சவரிராயன் கணக்கில், கூடை தானாக இறங்கும்.

தொட்டியை மட்டும் அவரைத் தொடவிட மாட்டாள்.

“நீங்க படிச்சவரு. தள்ளி நில்லுங்க.”

அவள் போன பிறகு அவர் தண்ணீர் ஊற்றினார். காலையில் ஊற்றினார். மாலையில் ஊற்றினார். மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார்.

வேர் அழுகிப்போயிற்று.

டாரகன் ஈரம் தாங்காது என்று அவர் பாடம் நடத்தாத ஆண்டு கிடையாது.

மடத்துக்கு ஓடினார். தோட்டம் இருந்த இடத்தில் கார்கள் நின்றன.

பிறகு தபாலில் விதை வரவழைத்தார். உறையில் படம் அழகாக இருந்தது. இந்தப் பெயரில் எவன் விதை விற்றாலும் உள்ளே இருப்பது காட்டு ஜாதி. இந்தக் கேள்வியை வைத்தே பாதி நீலகிரியை ஃபெயிலாக்கியவர் அவர்.

தெரிந்தேதான் விதைத்தார்.

முளைத்தது. தளதளவென்று வளர்ந்தது. எந்தச் செடியைக் கண்டாலும் உடனே கசக்கிப் பார்க்கிற கை, இதன் பக்கம் மட்டும் போகவில்லை.

கசக்காதவரை அது ரெஜினாவின் செடி.

இன்று அவளுக்கு முதலாண்டு நினைவு நாள். காலைப் பூசை முடிந்து வீடு கொள்ளாத உறவு. அவள் குழம்பைத்தான் வைக்க வேண்டும் என்று எல்லாருமாக முடிவு செய்திருந்தார்கள்.

“மாமா!” அடுக்களையிலிருந்து மருமகள் ஜெசிந்தா கூப்பிட்டாள். “தழை பறிக்கப் போனீங்களா, காட்ட அழிக்கப் போனீங்களா? குழம்பு ரெடி. அத்தையோட தழை போடாம எப்படி இறக்கறது?”

ஒரு கைப்பிடி கிள்ளினார். உள்ளே போனார்.

“வழில சிறுத்தைம்மா. நின்னு பேசி அனுப்பிட்டு வர்றேன்.”

“பாவம் சிறுத்தை. காது வலிச்சிருக்கும்.”

இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அவருடைய ஒரு புளுகையும் அவள் சும்மா விட்டதில்லை. அதற்காகவே அவர் புதிது புதிதாகப் புளுகுவார்.

தழையை வாங்கினாள். மாமியார் செய்வதுபோலவே உள்ளங்கையில் வைத்து நசுக்கினாள். முகர்ந்தாள்.

கை அப்படியே நின்றது.

அவர் அவசரமாகச் சிரித்தார்.

“பாத்தியா வாசத்த? மேட்டுப்பாளையம் வரைக்கும் போகுது. அங்க பஸ்ஸெல்லாம் நின்னுருக்கும்.”

ஜெசிந்தா அவர் முகத்தையே பார்த்தாள்.

தழையைக் குழம்பில் போட்டாள். தட்டால் மூடினாள்.

“ஆமா மாமா” என்றாள். “போகுது.”

அவள் சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.