ஊழோன் உண்ணும் முன்

முதல் கவளத்திலேயே கசந்தது.

அவள் மெல்லுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் பெரிய பூசகர் கண்டுகொண்டிருப்பார். அவருடைய பார்வை தட்டில் இல்லை, அவள் தொண்டையில் இருந்தது.

விழுங்கினாள்.

மணல் குடுவையைக் கவிழ்த்து வைத்தார்கள்.

மணல் முழுக்க இறங்கிய பிறகும் அவள் உயிரோடு இருந்தால்தான் தட்டு திரைக்குள் போகும். அதுவரை ஊழோன் காத்திருக்க வேண்டும். தெய்வங்களுக்கெல்லாம் தலைவன் அவன். சூரியனை ஊதிப் பற்றவைத்தவன். ஏழு நாட்டு வாள்வீரர்களும் அவன் பெயரைச் சொல்லித்தான் வாளை உருவுகிறார்கள். அப்பேர்ப்பட்டவன் தினமும் ஆறிப்போன சோற்றைத்தான் தின்கிறான்.

முப்பத்தொன்பது நாளாக இது அவள் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

சாகாதவனுக்கு எதற்கு ருசி பார்க்க ஓர் ஆள்?

இது மட்டுமா? மாதம் பிறந்தால் நகம் வெட்டும் கத்தி ஒன்று திரைக்குள் போய்த் திரும்புகிறது. பனிக்காலத்தில் உள்ளேயிருந்து இருமல் கேட்கிறது. போன வாரம், கறி சரியாக வேகவில்லை என்று பாதித் தட்டு திரும்பி வந்தது. மலையை மென்று துப்பியவன் என்று துதிப்பாட்டில் மட்டும் குறைச்சல் இல்லை.

அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டவர்களின் சாம்பல் திரைக்கு முன்னால் மேடாகக் கிடந்தது.

நீலத் தீயால் நெய்த திரை அது. வாள் பட்டாலும் அம்பு பட்டாலும் ஆள் பட்டாலும் பொசுங்கும். சோற்றுத் தட்டும் நகக்கத்தியும் மட்டும் பொசுங்காது. வருஷத்துக்கு ஒரு முறை அவன் உள்ளே அழைக்கும் பெண்பிள்ளை பொசுங்க மாட்டாள். திரும்பியும் வர மாட்டாள். அதன் பிறகு சில மாதம் இருமல் கேட்காது.

நாளைக் காலை தாழை போகிறாள். பன்னிரண்டு வயது. இவள் பெற்ற ஒரே பெண்.

அழைக்கப்பட்டவள் உள்ளே போவதற்கு முந்தைய நாற்பது நாளும் அவளுடைய தாய்தான் ருசி பார்க்க வேண்டும் என்பது முறை. பெற்றவளுக்குக் கோயில் செய்யும் மரியாதை என்றார் பூசகர். சாவுக்கு யார்தான் பயப்பட மாட்டார்கள், நஞ்சு என்று தெரிந்தால் அலறிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். இத்தனை யுகம் உலகத்தை ஆண்டவனுக்கு இந்த ஓர் இடத்தில் மட்டும் புத்தி வேலை செய்யவில்லை.

மணல் பாதி இறங்கியிருந்தது.

நாக்கு மரத்துப்போயிற்று. பிறகு விரல் நுனிகள். கைகளைச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

யார் வைத்தது?

பூசகரா? அவர் முகம் கல்லாக இருந்தது. காவலர்களா? அவர்களுக்குச் சோற்றின் பக்கம் வர அனுமதியில்லை. தன்னைச் சோதித்துப் பார்க்க ஊழோனே வைக்கச் சொல்லியிருப்பானோ?

தூணோரம் தித்தன் நின்றிருந்தான். மடைப்பள்ளிச் சமையல்காரன். போன வருஷம் திரைக்குள் போனவள் அவன் மகள்.

தட்டை வைத்தபோது அவன் குனிந்து வணங்கியிருந்தான். திரையின் பக்கம் அல்ல. அவள் பக்கம்.

அப்போது புரியவில்லை. இப்போது புரிந்தது.

மன்னிப்புக் கேட்டிருக்கிறான்.

பயமாகத்தான் இருந்தது. எழுந்து துப்பிவிடலாம், கத்திவிடலாம். தெய்வத்தைக் காப்பாற்றியவள் என்று பல்லக்கில் ஏற்றுவார்கள். பல்லக்கில் உட்கார்ந்தபடியே, தாழை திரைக்குள் போவதைப் பார்க்கலாம்.

கடைசி மணலும் விழுந்தது.

"குறை உண்டா?" என்றார் பூசகர்.

"குறையில்லை."

தட்டு நகரவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. பிறகு ஒரு குரல். இடிக்குரல் என்று பாட்டில் வரும். சளி கட்டிய கிழக்குரலாக இருந்தது.

"இன்னொரு வாய் சாப்பிடச் சொல்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. முப்பத்தொன்பது நாள் சந்தேகத்துக்கு அவனே பதில் சொல்லிவிட்டான்.

அவன் சாவான். சாக முடியும் என்று அவனுக்கும் தெரியும்.

பெரிய கவளமாகப் பிசைந்தாள். உருண்டை பிடிக்கும்போது விரல் இருப்பதே தெரியவில்லை. ஆனாலும் ஒரு பருக்கை சிந்தாமல் வாயில் போட்டு, பசித்தவள் மாதிரி மென்று தின்றாள். அப்புறம் விரலைக்கூட நக்கினாள்.

தட்டு உள்ளே போனது.

சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. தூணோரம் தித்தன் கண்களை மூடிக்கொண்டான்.

காலித் தட்டு வெளியே வந்ததும் அவளைப் போகச் சொன்னார்கள். படி இறங்கும்போது கால் எங்கே படுகிறது என்று தெரியவில்லை. தித்தன் கை கொடுத்தான்.

முற்றத்து வெயிலில் தாழையை உட்காரவைத்து, நாளைக்காக இன்றே தலை நிறையப் பூ தைத்து முடித்திருந்தார்கள். அவள் மகளுக்குப் பின்னால் போய் மெதுவாக உட்கார்ந்தாள்.

"சாமி சாப்பிட்டுச்சாம்மா?"

"வழிச்சுத் தின்னுட்டுது."

பின்னலைத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். விரல்கள் சொன்னபடி கேட்கிறவரைக்கும், மகள் தலையிலிருந்த பூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள்.