பாதிக் கூடம்

சமுதாயக் கூடத்தை இடித்துவிட்டு அங்கே ஒரு கம்பெனி அடுக்குமாடி கட்டப் போகிறது. பதிலுக்கு அந்தக் கம்பெனி கட்டித் தரும் புதுக் கூடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யத்தான் நகராட்சி அதிகாரி இரு தரப்பையும் அழைத்திருந்தார்.

தெருவின் சார்பில் தையல் டீச்சர் எழுந்தார். "பழைய அளவு குறையவே கூடாது சார். பொம்பளைங்க தொழில் கத்துக்கறது, பசங்க உக்காந்து படிக்கிறது, எல்லாம் அங்கேதான்."

கம்பெனியின் வக்கீல், சின்னப் பெண், நிதானமாகக் கேட்டாள். "பின்பக்க ஹால் ஒழுகுதுன்னு பூட்டியே வெச்சிருக்கீங்க, இல்லையா மேடம்? உங்க தையல் வகுப்புக்கே இப்போ நாலு பேர்தானே வர்றாங்க?"

டீச்சர் அவளையே வெறித்துப் பார்த்தார். ஒழுகுவதைச் சரிசெய்ய யாரும் வரவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

"அப்போ பாதி அளவு போதும்" என்று அதிகாரி முடித்துவிட்டார்.

டீச்சர் வெளியே வந்ததும், அங்கே காத்திருந்த தெருக்காரர்கள் நடந்ததைக் கேட்டுக் கொதித்தார்கள். "நம்ம ஆளு யாரோதான் போட்டுக் கொடுத்திருக்காங்க டீச்சர்!"

அவர்கள் கலைந்த பிறகு வக்கீல் ஸ்கூட்டரை டீச்சர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். "ஏறும்மா, வீட்டுக்குப் போகலாம். என் வேலையைத்தானே செஞ்சேன்?"

"இந்தக் கேஸ் உன்கிட்டே இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையேடி." டீச்சர் ஸ்கூட்டரில் ஏறவில்லை. "தினமும் சாப்பிடறப்போ பக்கத்துல உக்காந்து, 'கூடத்துல இன்னைக்கு என்னம்மா நடந்துச்சு'ன்னு கேட்பியே... பெத்தவ மேல பாசம்னு நினைச்சேன்."