தகவலாளர் எண் 1

கையெழுத்து இன்னும் விழவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போடுவார்கள். ஸாக்ரெப்பில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு என்றால் அதுதான் வழக்கம். விருந்து, தேர்வுக்கு நின்றவள் வீட்டுச் செலவு.

விஷ்ன்யா சுவரோரம் நின்றாள். அவள் வம்சத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள்.

நான்கு வருட உழைப்பு, ஒரே குட்டிச் சொல்லுக்கு: ரோக்.

இங்கே அது கெடு. செக் நாட்டில் வருடம். ரஷ்யர்களுக்கு விதி. மூன்றும் ‘சொல்லுதல்’ என்ற ஒரே வேரில் பிறந்தவை. யாரோ சொல்லிவைத்த நாள், யாரோ சொல்லிவைத்த தலையெழுத்து. ஹாலந்தில் மட்டும் அது பாவாடை. உறவே இல்லாத வேறு வீட்டுப் பிள்ளை.

சொல்லிவைப்பது யாரென்று அவளுக்குத் தெரியும். தேர்வாளர்கள் மூன்று பேரும் எதிரே உட்கார்ந்து உப்பிட்டு உலர்த்திய பன்றிக்கறியை மென்றுகொண்டிருந்தார்கள்.

வால்நட் ரொட்டியை வெட்டிப் பரிமாறிக்கொண்டிருந்தவளை யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

“ஏம்மா, ஆய்வேட்டுல யார் பேச்சைப் பதிவு பண்ணினேன்னு பேர் போடாம எண் மட்டும் போட்டிருக்கியே, யாரு அந்தத் தகவலாளர் எண் ஒண்ணு?” என்றார் பேராசிரியர் லோவ்ரிச். “செக் நாட்டு ஹோட்டல்ல ரஷ்ய விருந்தாளிங்ககிட்டப் பேசறா. பார்த்தா ஹாலந்து சலவைக்கூடத்துலயும் அவதான். நம்மளவிட ஊர் சுத்தினவளா இருப்பா போல. கையோட கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?”

மற்ற இருவரும் சிரித்தார்கள்.

துறையில் ஒரு விதி உண்டு. ஆய்வாளரின் சொந்த வீட்டார் பேச்சு சான்றாகாது. அந்த ஒரு ஆள் விழுந்தால் நான்கு அத்தியாயத்தில் மூன்று விழும். பட்டமும் விழும்.

“செத்துட்டாங்க சார்,” என்றாள் விஷ்ன்யா. “போன குளிர்காலத்துல.”

பரிமாறியவளின் கத்தி ரொட்டியிலேயே ஒரு கணம் நின்றது. பிறகு அறுத்தது.

“அடப் பாவமே,” என்றார் லோவ்ரிச். காலித் தட்டை ரொட்டி வெட்டியவளிடம் நீட்டினார். அவள் இரண்டு துண்டு வைத்தாள். வெளுப்புத் தூள் தின்ற விரல்கள்.

கையெழுத்து மூன்றும் விழுந்தன. மூவரும் விஷ்ன்யாவின் கையைக் குலுக்கினார்கள். மிச்ச ரொட்டி பொட்டலமாகி அவர்களோடு போனது.

அறையில் இரண்டே பேர். தட்டுகளை அடுக்கப் போன விஷ்ன்யாவின் கையை அவள் தள்ளிவிட்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“செத்தவ பேரையாவது அந்த ஆய்வேட்டுல போடுவியாடி?” என்றாள் அம்மா.