இழுத்த மூச்சு

பின்லாந்தின் யோயென்சூ நகரத்துப் பத்திரிகையில் ராய்லி இருபது வருடமாக இசை விமர்சனம் எழுதுகிறாள். உள்ளூர் மெட்டல் இசைக்குழு ஒன்றின் புதிய ஆல்பத்தைக் காலைக் காப்பியோடு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்க உட்கார்ந்தாள். வயலின்கள், கூட்டுக்குரல், கனத்த கிடார், எல்லாவற்றுக்கும் மேலே புதிய பாடகி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மெல்லிய விசில் கலந்த ஒரு மூச்சு கேட்டது.

அது பழைய பாடகி தூலியாவின் மூச்சு. "பாட்டைவிட மூச்சுத்தான் அதிகம் கேட்கிறது" என்று ஒன்பது வருடத்துக்கு முன்பு ராய்லி எழுதினாள். அந்த வரியைக் காட்டித்தான் குழு தூலியாவை வெளியே அனுப்பியது. பிறகு அவள் எங்கும் பாடவில்லை. போன மார்ச்சில் இறந்துபோனாள்.

ராய்லி ஒலிப்பதிவாளர் யார்க்கோவுக்குப் போன் செய்தாள்.

"யார்க்கோ, தூலியாவோட பழைய பதிவு எதையாவது கலந்தீங்களா? மூச்சு கேக்குது."

"மூச்சா? ஒண்ணுவிடாம வெட்டித் தூக்கிட்டேனே, தாயே! நீ அன்னைக்கு எழுதினதுலேர்ந்து எங்க ஸ்டுடியோவுல அதுதானே சட்டம். இப்ப புதுசா வந்தவளையும் வீட்டுக்கு அனுப்பணுமா?"

அவள் போனை வைத்தாள். கேட்டதை எழுதினால் பழைய அதே வரியைத்தான் மறுபடி எழுத வேண்டும். 'சுத்தமான குரல்' என்று எழுதி, நான்கு நட்சத்திரம் போட்டு அனுப்பினாள்.

பிறகு ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு மீதியைக் கேட்டாள். கடைசிப் பாட்டு முடிந்தது. வாத்தியங்கள் ஓய்ந்த பிறகு, அடுத்த வரியைப் பாடப்போகிறவள்போல யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். ராய்லி ஹெட்போனைக் கழற்றிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அறைக்குள் அந்த மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டே இருந்தது.